அடுக்கும் முன்

1977 மார்ச் 10ஆம் தேதி இரவு, யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடந்துபோக இருந்தது. ஜவ்வாது மலையின் காவலூரில், கார்ல் சைஸ் நிறுவனம் செய்து தந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி அந்த விண்மீனின் ஒளியை வினாடி விடாமல் பதிந்துகொண்டிருந்தது. கோள் மறைக்க வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. அதற்கு முன்பே ஒளி சில வினாடிகள் தணிந்து மறுபடி பழைய நிலைக்கு வந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் கைப்பர் ஆய்வு விமானத்தில் பறந்துகொண்டிருந்த அமெரிக்கக் குழு, கோளின் இரு பக்கமும் இப்படிப்பட்ட தணிவுகள் இருப்பதைக் கண்டு, அவை வளையங்கள் என்று அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் காவலூர்ப் பதிவைத் திரும்ப எடுத்து ஆராய்ந்து, யுரேனஸைச் சுற்றி சனிக்கு இருப்பதைப் போன்ற வளைய அமைப்பு இருப்பதாக அதே இதழில் எழுதினார்கள்.

துணைக்கோள் என்று முதலில் வைத்த பெயர் நிற்கவில்லை. பதிவு நின்றது. பெயர் தவறு என்பதால் யாரும் பதிவை மாற்றவில்லை. பெயர் சரி என்று நம்பிய காலத்திலும் யாரும் பதிவிலிருந்த மற்றச் சிறு தணிவுகளைக் குப்பை என்று கழித்துவிடவில்லை. அதனால்தான் இரண்டாம் முறை பார்க்க ஏதோ இருந்தது. கணினியில் குவிந்து கிடக்கும் கோப்புகளை அடுக்கித் தருமாறு செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்கும் பழக்கம் நம்மிடையே பரவிவரும் இந்தக் காலத்தில், காவலூரின் அந்த இரவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஜவ்வாது மலையைப் பற்றிச் சேர்ந்த கோப்புகள் என்னிடம் பல ஆயிரம் உண்டு. நடுகல் படங்கள், மலைவாழ் பெரியவர்களின் ஒலிப்பதிவுகள், பழைய அரசிதழ்களின் ஒளிநகல்கள், நண்பர்கள் வாட்ஸப்பில் அனுப்பிய அருவியும் சாமைக் கொல்லையும். எல்லாம் ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’, ‘பென் டிரைவ் பழசு’ என்ற பெயர்களுக்குள் கிடக்கின்றன. தமிழில் தனியாளாக எதையாவது சேர்த்துவைத்திருக்கும் எவருடைய கணினியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நூலகர் இல்லை, உதவிக்கு ஆள் வைக்கப் பணம் இல்லை. ஒரு இயந்திரம் வந்து, உங்கள் கோப்புறையைத் திறந்துவிடுங்கள், நான் பார்த்து ஒழுங்கு செய்கிறேன் என்று சொன்னால், அதை அலட்சியமாக ஒதுக்கும் உரிமை நமக்கு இல்லை. அதனால் ஆகும் வேலை நிஜமான வேலை. ஒரே படத்தின் ஐந்து நகல்களை, பெயர் வேறாக இருந்தாலும், உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு அது கண்டுபிடிக்கிறது. ஒளிநகலில் இருக்கும் அச்சுத் தமிழைப் பெரும்பாலும் சரியாகப் படிக்கிறது. ஒரு மணி நேர உரையாடலில் எந்த நிமிடத்தில் தேன் எடுப்பது பற்றிப் பேசினார்கள் என்று குறித்துத் தருகிறது. தனி மனிதன் ஒருவன் ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்ட வேலைகள் இவை.

சிக்கல் அது எதை வைத்து முடிவெடுக்கிறது என்பதில் இருக்கிறது. தேதியையே எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த நேரமும் இடமும் பதிந்திருக்கும். அதை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் கழன்றுவிடும். ஆவணமாக அனுப்பினால் மட்டும் தங்கும். பென் டிரைவிலிருந்து நகலெடுத்தால் கோப்பு உருவான தேதி என்று விண்டோஸ் காட்டுவது நகலெடுத்த நாளைத்தான். 2003இல் எடுத்து, 2019இல் நகலெடுத்த ஒரு படத்தை, வேறு தடயம் இல்லாதபோது, உதவியாளர் 2019 என்ற கோப்புறைக்குள் வைக்கும். தயங்காமல் வைக்கும். அதற்குக் கிடைத்த சாட்சி அவ்வளவுதான்.

இந்த மலையில் தேதி என்பது சாதாரண விஷயமில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் காட்டு நிலத்தில் உரிமை கோர வேண்டுமென்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலம் அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம், பழைய வீடு, கிணறு, இடுகாடு போன்ற தடயங்கள் எல்லாம் சான்றாக ஏற்கப்படும் என்று அந்தச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. 2003இல் எடுத்த படத்தின் பின்னணியில் ஒரு குடிசையும் உழுத நிலமும் இருந்தால் அது ஒரு குடும்பத்துக்கு ஆதரவான சாட்சி. அதே படம் 2019 என்ற கோப்புறைக்குள் போய்விட்டால், யாருக்கும் கெடுதல் நினைக்காத ஒரு இயந்திரம் அந்தச் சாட்சியின் வாயை அடைத்துவிட்டது. படத்தை எடுத்தவருக்கு அப்போது குடிசை முக்கியமாக இருந்திருக்காது. முன்னால் நின்ற பலாமரத்தைத்தான் எடுத்திருப்பார். ஒரு கோப்பு எதற்குச் சான்று என்பது அதை அடுக்குகிற நாளில் தெரிந்துவிடுவதில்லை.

வானியலாளர்கள் தேதி விஷயத்தில் வெகு முன்பே விழித்துக்கொண்டவர்கள். யுரேனஸ் வளையம் ஒளியை மறைத்த அந்த நேரம் உலக நேரப்படி மார்ச் 10. காவலூர்ச் சுவர்க் கடிகாரப்படி நள்ளிரவு தாண்டிவிட்டது, அதாவது 11. எந்த நேரத்தைச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் ஒரே நிகழ்வு இரண்டு கோப்புறைகளில் போய் விழும். 1981இல் வானியலாளர்கள் தங்களுக்கென்று ‘ஃபிட்ஸ்’ என்ற கோப்பு வடிவத்தை வெளியிட்டார்கள். அந்தக் கோப்பின் தலைப்பகுதியில், துளையட்டைக் காலத்து வழக்கப்படி எண்பது எண்பது எழுத்தாக, எந்தத் தொலைநோக்கி, எந்த விண்மீன், எந்த நேரம், எத்தனை வினாடி ஒளி வாங்கப்பட்டது என்று எழுதியிருக்கும். அதற்கடுத்துப் படம். இரண்டும் ஒரே கோப்பு என்பதால் கோப்பின் பெயரை யார் எப்படி மாற்றினாலும், எந்தக் கோப்புறைக்குள் தள்ளினாலும் விவரம் படத்தோடு போகும். அதில் ‘வரலாறு’ என்றே ஒரு வரி வகை உண்டு. பின்னால் வருகிறவர் படத்தில் ஏதாவது திருத்தம் செய்தால் என்ன செய்தோம் என்பதை அங்கே ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். முன்னவர் எழுதிய வரியை அழிப்பது முறையல்ல. ஒருமுறை செல்லுபடியான கோப்பு எந்நாளும் செல்லுபடியாக வேண்டும் என்பதை அந்த வடிவத்தைக் காப்பவர்கள் சட்டம் போலக் கடைப்பிடிக்கிறார்கள். வத்திக்கான் நூலகம் தன் கையெழுத்துச் சுவடிகளின் படங்களை நெடுங்காலம் காக்க இந்த வானியல் வடிவத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.

காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் கண்டது. கணித மேதையின் பெயர் பின்னால் வந்தது. கண்டவுடன் அதற்குக் கிடைத்த தற்காலிகக் குறியீடு 1988 டிகியூ1. இதில் ‘டி’ என்றால் பிப்ரவரியின் பிற்பாதி. ‘கியூ1’ என்றால் அந்த அரைமாதத்தில் உலகமெங்கும் பதிவான கண்டுபிடிப்புகளில் 41ஆவது. அது எப்படிப்பட்ட பாறை, எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஏற்கெனவே வேறு யாராவது பார்த்ததுதானா என்று அந்தக் குறியீடு எதையும் ஊகிப்பதில்லை. எப்போது, எத்தனையாவதாக வந்தது என்று மட்டும் சொல்கிறது. பாதை உறுதியாகக் கணிக்கப்பட்ட பிறகு 4130 என்ற நிலையான எண், அதன் பின் பெயர். அறியாத காலத்துக்கு ஒரு பெயர், அறிந்த பின் ஒரு பெயர். இந்த இரண்டு படிகளைப் பிரித்து வைத்ததில் இருக்கும் நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கோப்பு அடுக்கும் உதவியாளர்களிடம் நான் காண விரும்புவதும் அதைத்தான். ‘படம் 0417’ என்ற பெயர் அழகாக இல்லை என்பதற்காக அதை ‘ஜவ்வாது மலைத் திருவிழா’ என்று உடனே மாற்றுகிற அவசரத்தில், அது திருவிழாதானா சாவுச் சடங்கா என்று கேட்கும் வாய்ப்பு போய்விடுகிறது.

இதே ஒழுங்கு மலையடிவாரத்தில் கல்லில் இருக்கிறது. செங்கம் வட்டார நடுகற்கள் பலவற்றின் எழுத்துகள் ஒரு வாய்பாட்டில் அமைந்தவை. முதலில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு. அடுத்து அவனுக்குக் கீழ் ஆண்ட தலைவன். பிறகு இறந்தவன் யார், யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான். அதன் கீழோ பக்கத்திலோ வீரனின் உருவம். செய்தியும் உருவமும் ஒரே கல். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இவற்றைத் தொகுத்து வெளியிட்டபோது, பல்லவர் காலத்துத் தமிழ் எழுத்தையும் ஆநிரைப் பூசலையும் பற்றி நாம் அறிந்திருந்தது பெரிதும் விரிந்தது.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் எனக்கு நெருக்கமானது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் போரில் கருந்தேவக்கத்தி என்பவன் விழுந்தான். கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்வனைக் கடித்து அங்கேயே காத்து நின்றது. வீரனோடு நாயும் கல்லில் இருக்கிறது, பெயரோடு. இந்தக் கல்லின் படத்தை உதவியாளரிடம் கொடுத்தால் எந்தக் கோப்புறையில் வைக்கும்? நாய், பல்லவர், வட்டெழுத்து, எருமை, கால்நடைப் பூசல், தண்டராம்பட்டு வட்டாரம், ஏழாம் நூற்றாண்டு. எல்லாமே சரி. ஆனால் கோப்புறை ஒரு கோப்புக்கு ஒரு இடம்தான் தரும். ஏழு சரியான விடைகளில் ஆறை மறைத்துத்தான் ஒன்றில் வைக்க முடியும்.

இந்தக் கேள்வியோடு ஆயுள் முழுவதும் மல்லுக்கட்டியவர் சீர்காழிக்காரர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், ஒரு நூலை ஒரே கிளையில் தொங்கவிடும் மேற்கத்தியப் பகுப்பில் நிறைவு காணாமல், 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு நூலின் பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, தேவைக்கேற்ப மறுபடி கோக்கும் முறை அது. அந்தக் கூறுகளைப் பிற்பாடு ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்தாக வடித்தார். அவர் காலத்தில் இதன் முழு வலிமையையும் பயன்படுத்த அட்டைகளும் அலமாரிகளும் இடம் தரவில்லை; தாளால் ஆன நூல் ஒரு அலமாரியில்தான் நிற்க முடியும். கணினிக் கோப்புக்கு அந்தத் தடை இல்லை. படம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதைப் பற்றிய பட்டியலில் அரசன், விலங்கு, ஊர், காலம், எழுத்து என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தால் எந்த வழியாகத் தேடினாலும் கோவிவன் கிடைப்பான். இப்படி ஒரு பட்டியலை ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு எழுதுவது மனிதர்களைச் சோர்வடையச் செய்யும் வேலை. உதவியாளர் சோர்வதில்லை. ரங்கநாதன் கேட்டதைத் தரக்கூடிய ஒரு கருவி கைக்கு வந்திருக்கும்போது, அதை வைத்துக் கோப்புகளை இங்கிருந்து அங்கே நகர்த்தச் சொல்வதோடு நாம் நின்றுவிடுகிறோம்.

நகர்த்துவதில் ஆபத்தும் இருக்கிறது. 2025 ஜூலையில் கூகுளின் ஜெமினி சிஎல்ஐ என்ற உதவியாளரிடம் ஒருவர் ஒரு கோப்புறையில் உள்ளவற்றைப் புதிய கோப்புறைக்கு மாற்றச் சொன்னார். புதிய கோப்புறையை உருவாக்கும் கட்டளை நிறைவேறவில்லை. நிறைவேறியதா என்று உதவியாளர் திரும்பிப் பார்க்கவில்லை. இல்லாத கோப்புறைக்கு ஒரு கோப்பை நகர்த்தினால் விண்டோஸ் அந்தக் கோப்பின் பெயரையே கோப்புறையின் பெயராக மாற்றிவிடும். அடுத்த கோப்புக்கும் அதே பெயர், முதலாவது அழியும். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசிக் கோப்பு மட்டும் மிஞ்சியது. கருவிகள் அதன் பின் மேம்பட்டிருக்கின்றன, இன்னும் மேம்படும். ஆனால் முதல் கட்டளையாக எதைக் கொடுக்க வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. எதையும் நகர்த்தாதே, பெயர் மாற்றாதே, அழிக்காதே, படித்து மட்டும் பார்த்துப் பட்டியல் எழுது என்று சொல்லலாம். மூலத்தை வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யவிடலாம். எதை எங்கே மாற்றப் போகிறது என்பதை முன்கூட்டி எழுதிக் காட்டச் சொல்லி, பார்த்து ஒப்புதல் தரலாம். ஒப்புதலுக்குப் பின் செய்த ஒவ்வொன்றையும், ஃபிட்ஸ் கோப்பின் வரலாற்று வரியைப் போல, பழைய பெயர், பழைய இடம், தேதியோடு எழுதி வைக்கச் சொல்லலாம். சொன்னால் செய்கிறது. சொல்லாவிட்டால், அடுக்கித் தா என்ற ஒற்றை வரியை அதன் சொல்லளவிலேயே எடுத்துக்கொள்கிறது.

தமிழ்க் கோப்புகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் பாமினி, வானவில், டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்தோம். மதுரைத் திட்டத்தின் தொடக்க கால மின்னூல்கள்கூட அப்படிப்பட்ட குறியீடுகளில்தான் வந்தன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். பழைய குறியீட்டில் உள்ள கோப்பை அதற்குரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். அடுக்க வந்த உதவியாளர் அதைச் ‘சிதைந்தவை’ என்ற கோப்புறையில் ஒதுக்குவதையும், அழித்துவிடலாமா என்று கேட்பதையும் பார்த்திருக்கிறேன். அது பாமினி என்று சொன்னால் பெரும்பாலும் படித்துவிடுகிறது. தொண்ணூறுகளில் ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர் தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகள் அந்த ஒதுக்கலுக்குள் இருக்கக்கூடும். ஆகவே, அழிக்கலாம் என்று காட்டும் பட்டியலை மற்ற எல்லாப் பட்டியல்களையும்விடக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

இடத்திலும் இதே கதை. காவலூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989இல் அந்த மாவட்டம் பிரிந்தது. மலையின் ஒரு பகுதி திருவண்ணாமலைக்கும் மறுபகுதி பின்னாளில் வேலூர் என்றான மாவட்டத்துக்கும் போயின. 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானதும் காவலூர் அங்கே சேர்ந்தது. 1972இன் தொகுப்பையும் இன்றைய படத்தையும் மாவட்டம் வாரியாக அடுக்கினால் பக்கத்துப் பக்கத்துக் கற்கள் பிரிந்துபோகும். மலைவாழ் மக்களோ தங்கள் மலையைப் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று நாடு நாடாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஊர்க்கூட்டமும் உறவுமுறையும் அந்தக் கணக்கில் நடந்துவந்தவை. ஒரு பெரியவர் தன் பேச்சில் ஊர்களைச் சொல்லிக்கொண்டு போகும் வரிசையைக் கேட்டால் அது நாட்டு வரிசையாக இருக்கும். ஆவணக் காப்பாளர்கள் ஒருவர் விட்டுச்சென்ற தாள்களை அவர் வைத்த வரிசை கலையாமல் காக்க வேண்டும் என்று பயிற்றுவிக்கப்படுவது இதனால்தான். எந்தத் தாளுக்குப் பக்கத்தில் எந்தத் தாள் இருந்தது என்பதும் செய்தி. என் நண்பர் ஒருவர் தந்த கோப்புறையில் தேன் எடுப்பது பற்றிய ஒலிப்பதிவும் ஒரு நிலத் தகராறு பற்றிய ஒலிப்பதிவும் அடுத்தடுத்து இருந்தன. பொருள் வாரியாகப் பிரித்திருந்தால் ஒன்று ‘உணவு’, மற்றது ‘சட்டம்’. இரண்டையும் சேர்த்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, தகராறே அந்தத் தேன் பாறைக்குப் போகும் வழியைப் பற்றியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த உதவியாளர்களில் பலவும் கோப்பின் உள்ளடக்கத்தைத் தொலைதூரக் கணினிகளுக்கு அனுப்பித்தான் படிக்கின்றன. மூலிகை பற்றிச் சொன்ன வைத்தியரும் நிலம் பற்றிச் சொன்ன கிழவியும் நம்மை நம்பிச் சொன்னார்கள். அந்தப் பயணத்துக்கு அவர்கள் சம்மதம் தரவில்லை. அப்படிப்பட்டவற்றைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, மீதியைத்தான் திறந்துவிடலாம். சொந்தக் கணினிக்குள்ளேயே ஓடும் சிறிய மாதிரிகளும் வந்துவிட்டன. வேகம் குறைவு, தமிழும் குறைவு. இந்த வேலைக்கு அவை போதும் என்கிற நாள் வரும்வரை அந்தக் கோப்புகள் அடுக்கப்படாமலே இருக்கட்டும்.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு நீளமான அட்டவணை. எந்தக் கோப்பும் இடம் மாறவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே உதவியாளரின் ஊகம், அந்த ஊகத்துக்கு அது காட்டும் காரணம், நிச்சயம் எவ்வளவு என்ற குறிப்பு. கடைசிக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதும்படி வற்புறுத்திக் கேட்டிருந்தேன். அப்படி எழுதியவை ஏராளம்: இந்தப் படத்தில் இருக்கும் ஊர் எது, இந்தக் குரல் யாருடையது, இந்தக் கல் இப்போது எங்கே இருக்கிறது, இது எந்த ஆண்டு மழை. முன்பு எனக்கு எவை தெரியாது என்பதே தெரியாமல் இருந்தது. இப்போது கேள்விகள் வரிசையாக, படத்தோடு, அச்சிடும் வடிவில் இருக்கின்றன. இவற்றுக்கு விடை எந்தக் கணினியிலும் இல்லை. புதூர்நாட்டிலும் நெல்லிவாசலிலும் எழுபது வயதைக் கடந்தவர்கள் சிலரிடம் இருக்கிறது. சாமை அறுப்பு முடிந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும். தாள்களை எடுத்துக்கொண்டு அப்போது போக வேண்டும். சிறிதாக இருந்தால் அவர்களுக்குத் தெரியாது என்பதால் படங்களைப் பெரிதாக அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.